லாம்பர்ட் கோபெக்கி முடித்த வண்டுப் புத்தகம்

ஹாவ்லிக் என்ற சிற்றூரில் முடிவெட்டும் கடை வைத்திருந்த லாம்பர்ட் கோபெக்கிக்கு வண்டு என்றாலே ஆகாது. பயமோ அருவருப்போ இல்லை. ஆண்பிள்ளைக்குச் சக்களத்தி உண்டென்றால் தனக்கு வாய்த்தது வண்டுதான் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். குளிர்பெட்டியைத் திறந்தால் வெண்ணெய்க்குப் பக்கத்தில் மருந்துப் புட்டி, அதற்குள் வண்டு. ஓட்ஸ் டப்பாவில் கையை விட்டால் மரத்தூள், அதற்குள்ளும் வண்டு. விடுமுறை கிடைத்தால் மற்ற புருஷன்மார்கள் மீன் பிடிக்கப் போவார்கள். லாம்பர்ட் கடைக்கு விடுமுறையான திங்கட்கிழமைகளில் வண்டியோட்டியாகப் போய், பிக் ப்ளூ ஆற்று மணலில் மனைவி மண்டிபோட்டுக் கட்டைகளைப் புரட்டுவதை வண்டிக்குள் இருந்தபடி பார்த்துக்கொண்டிருப்பான்.

அவர்கள் சந்தித்ததே வண்டால்தான். ராணுவத்திலிருந்து திரும்பி அவன் கடை திறந்த முதல் கோடையில், வாசலில் சுழலும் சிவப்பு வெள்ளை விளக்கில் மாலையானால் பூச்சி மொய்க்கும். ஒருநாள் யாரோ ஒரு பெண் அவனுடைய முக்காலியையே எடுத்துப்போட்டு ஏறி நின்று விளக்கைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, அது என் விளக்கு.”

“விளக்கு உங்களோடதுதான். அதுல உக்காந்திருக்கிறது என்னோடது. கீழ கிடக்கிற புட்டி மூடியைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க, பறந்துடப்போகுது.”

எடுத்துக் கொடுத்தான். அதற்கப்புறம் முப்பது வருஷமாக எடுத்துக் கொடுத்துக்கொண்டேதான் இருந்தான். ஆனால் ஒரு வண்டின் பெயரைக்கூடக் கற்றுக்கொள்ள மாட்டேன் என்று வீம்பாக இருந்தான்.

அந்தப் பெண்தான் அடேலா; லிங்கன் நகரத்தில் பல்கலைக்கழகத்துப் பூச்சி அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தாள். வட அமெரிக்காவில் வண்டு மட்டும் இருபதாயிரம் வகைக்கு மேல். அவற்றை அடையாளம் காணப் புத்தகங்கள் இருக்கத்தான் செய்தன. ஆனால் ஒன்று கிழக்குக் காட்டுக்காரர்கள் எழுதியது, இன்னொன்று மேற்கு மலைக்காரர்கள் எழுதியது. நடுவில் கிடக்கிற எங்கள் சமவெளியை இரண்டு தரப்பாரும் ரயிலில் தூங்கிக்கொண்டே கடந்துவிட்டார்கள் போல. அந்தக் குறையைத் தீர்ப்பது என்று அடேலா இறங்கினாள். முதலில் மாநிலத்து வண்டுகளுக்கு ஒரு பெயர்ப்பட்டியல் போட்டாள். பிறகு அடையாளம் காணும் புத்தகத்தின் முதல் பாகம் வந்தது.

இந்த மாதிரிப் புத்தகத்தின் உயிர் அதிலுள்ள ‘சாவி’. கையில் ஒரு வண்டை வைத்துக்கொண்டு முதல் கேள்விக்குப் போக வேண்டும். கொம்பு நீளமா, குட்டையா? நீளம் என்றால் இந்தக் கேள்விக்குப் போ, குட்டை என்றால் அந்தக் கேள்விக்குப் போ. இப்படிக் கிளை பிரிந்து பிரிந்து போனால் கடைசியில் ஒரு பெயர் நிற்கும். ஒரு கேள்வியில் வழி தவறினாலும் வேறு யார் வீட்டு வாசலிலோ போய் நிற்க வேண்டியதுதான்.

முதல் பாகம் வந்த அன்று லாம்பர்ட் அதைப் புரட்டி ஒரு வரியை உரக்கப் படித்தான். “‘கழுத்துத் தகட்டின் பின்னோர விளிம்பு நுண்வரையுடன் ஓரளவே குழிவுற்றது.’ இது எழுதினவளுக்கு மட்டும்தான் புரியும், அடேலா.”

“புரிய வேண்டியவங்களுக்குப் புரியும்.”

“அவங்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. தெரியாதவனுக்குத்தானே புத்தகம்?”

அன்று சாயங்காலம் முழுக்க அவள் அவனோடு பேசவில்லை.

இரண்டாம் பாகம் பாதி முடிந்திருந்தது. ஜூன் வண்டுகள், இலை வண்டுகள், கூன்வண்டுகள் எல்லாம் மிச்சம். மக்காச்சோளம் காய்ந்து நின்ற ஒரு செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமை, அடேலா மாவு உருண்டைகளைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி விழுந்த சத்தம் கேட்டு லாம்பர்ட் போனபோது அவள் தரையில் கிடந்தாள். வலக்கை துவண்டிருந்தது. வாய் ஒருபக்கம் இழுத்திருந்தது.

உயிர் தப்பியது. நினைவு தப்பவில்லை. பேச்சுதான் போனது. “அவங்களுக்கு எல்லாம் புரியுது” என்றார் மருத்துவர். “வார்த்தை வெளிய வர்ற வழிதான் அடைஞ்சுபோச்சு.” அவளிடம் மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை, “திங்கக்கிழமை”. தண்ணீர் வேண்டுமென்றாலும் திங்கக்கிழமை. ஜன்னலைச் சாத்து என்றாலும் திங்கக்கிழமை. கோபம் வந்தால் அதையே கத்துவாள், சிரிப்பு வந்தால் அதையே இழுத்துச் சொல்வாள். எத்தனை வார்த்தைகள் இருக்க இது ஏன் தங்கியது என்று லாம்பர்ட் யாரையும் கேட்கவில்லை.

இலை உதிர்ந்து முடிந்த பிறகு ஹெடி நார்லிங் வீட்டுக்கு வந்தாள். அருங்காட்சியகத்தில் அடேலாவோடு வேலை பார்த்தவள், நல்ல படிப்பாளி, அடேலா மேல் உயிரையே வைத்திருந்தவள். மடியில் கையைக் கோத்துக்கொண்டு, வந்த விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். பாதி எழுதியதை வேறு மாநிலத்து அறிஞர் ஒருவரிடம் கொடுத்து முடிக்கலாம் என்று பதிப்பகத்தில் நினைக்கிறார்கள்.

அடேலாவின் இடக்கை மேசையை ஒரு வழி வழித்தது. காப்பிக் கோப்பை சுவரில் போய் உடைந்தது. “திங்கக்கிழமை! திங்கக்கிழமை!”

“வேணாங்கிறா” என்றான் லாம்பர்ட்.

ஹெடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கும் புரியுது. ஆனா வேணாம்னா வேற யாரு எழுதுறது, லாம்பர்ட்? எனக்குத் தெரிஞ்சது நீர் வண்டு மட்டும்தான். இதெல்லாம் அவங்க தலைக்குள்ள இருக்கு.”

லாம்பர்ட் குனிந்து, சிதறிய ஓடுகளைப் பொறுக்கினான்.

சில நாள் கழித்து, அவளுக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு வண்டுப் பெட்டியை எடுத்து மடியில் வைத்தான். ஊசி குத்தி வரிசையாக நிறுத்திய பழுப்பு வண்டுகள். அவள் மேசையைக் காட்டிக் காட்டி, தக்கை ஒட்டிய இரண்டு சுருட்டுப்பெட்டி மூடிகளைக் கொண்டுவரச் செய்தாள். இடக்கையால் ஒவ்வொரு ஊசியாகப் பிடுங்கினாள். ஒன்றை இந்த மூடியில் குத்தினாள், அடுத்ததை அந்த மூடியில் குத்தினாள். விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு, கை தயங்காமல் போவதைக் கவனித்தான்.

“ரெண்டு கட்சியாப் பிரிக்கிறியா?”

அடேலா நிமிர்ந்து பார்த்தாள்.

“இது பெருசு, அது சின்னது?”

“திங்கக்கிழமை” என்றாள், அட மண்டு என்கிற தொனியில்.

“கறுப்பு, பழுப்பு?”

அதற்கும் அதே தொனி.

லாம்பர்ட் அவளுடைய உருப்பெருக்கியை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தான். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வண்டை ஒழுங்காகப் பார்த்தான். வலப்பக்கத்து வண்டுகளின் முதுகு வழுவழுவென்று மின்னியது. இடப்பக்கத்தவற்றில் மெல்லிய மயிர், எல்லாம் பின்பக்கமாகப் படிந்து, சீப்பு போட்டு வாரிவிட்ட மாதிரி.

“இது மொட்டை, அது தாடி!”

அடேலா அவன் கன்னத்தில் கையை வைத்தாள். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க இதுதான் நடந்தது. கடை திறக்கும் முன் காலையில் இருவரும் சமையலறை மேசையில் உட்காருவார்கள். அவள் பிரிப்பாள். எதை வைத்துப் பிரித்தாள் என்று அவன் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததை எழுத வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்டும்போது அவள் முகம் சுளித்தால் அடித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். தெரியாதவன் எழுதியதால் தெரியாதவனுக்குப் புரிகிற மாதிரித்தான் அவனுக்கு எழுத வந்தது. அவனுக்கு ஒப்பிடத் தெரிந்ததெல்லாம் மயிரும் மழிப்பும்தான். ‘மூன்று நாள் தாடிபோல் குத்திட்டு நிற்கும்.’ ‘ஓரத்தில் மட்டும் கிருதா.’ சில காலைகளில் ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டிவிட்டுக் கடைக்கு ஓடுவான். அடேலாவின் தலை முன்னால் சாய ஆரம்பித்தால் பெட்டியை மூடிவிடுவான். அதற்கு மேல் அவள் கை தடுமாறும் என்று பட்டறிந்திருந்தான்.

எழுதியது சரியா என்று யாரிடம் சோதிப்பது? கடையில்தான் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்களே. கண்ணாடிப் பக்கத்தில் ஒரு உருப்பெருக்கியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டான். காத்திருக்கிறவர்களிடம் ஆளுக்கு ஒரு வண்டையும் தாளையும் கொடுத்தான்.

முதலில் மாட்டியவன் எமில் பார்டா. ஆற்றோரம் சோளம் போடுகிறவன், லாம்பர்ட்டோடு பள்ளியில் படித்தவன், வாய்க்கு வேலி கிடையாது.

“முடி வெட்ட வந்தவனுக்குப் பரீட்சை வைக்கிறியேடா. தேறலன்னா காதை வெட்டுவியா?”

“வாயை மூடிட்டுப் பாரு.”

எமில் கண்ணை இடுக்கிக்கொண்டு தாளில் விரலை ஓட்டினான். வானொலியில் கால்பந்து ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அவன் ஒரு பெயரில் போய் நின்றான். லாம்பர்ட் எட்டிப் பார்த்தான்.

“இது சமவெளியோட தெற்குக் கோடியில இருக்கிற வண்டுடா!”

“அப்ப குளிருக்குப் பயந்து தப்பா ஓடிவந்திருக்கும்.”

“எந்த இடத்துல வழி தவறுனே? அதைச் சொல்லு.”

“இதோ, இங்க. ‘கால் தடிமனா, மெல்லிசா’ன்னு கேட்டிருக்கே. எதை விடத் தடிமன்? உன் காலை விடவா, என் காலை விடவா?”

லாம்பர்ட் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கேள்வியை அடித்தான். ‘கால் நுனி, மேற்பகுதியைப் போல் இரண்டு மடங்கு அகலம்’ என்று எழுதினான். அதிலிருந்து, யார் எங்கே தடுமாறினாலும் அவர்களைக் குறை சொல்லாமல் கேள்வியைத் திருத்துவது வழக்கமாகிவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் கால்பந்துக்காகக் கூட அவ்வளவு சண்டை அந்தக் கடையில் நடக்கவில்லை என்று ஊரில் சொல்வார்கள். “அது கிருதா இல்லைய்யா, வெறும் தூசி!” என்று தெருவரை சத்தம் கேட்கும்.

ஜூன் வண்டுகளில்தான் முட்டிக்கொண்டது. வீட்டு வாசல் விளக்குகளில் வந்து முட்டுமே, அந்தத் தடித்த பழுப்பு வண்டுகள். அவற்றில் ஒன்று முதுகில் மயிருள்ளது, இன்னொன்று மயிரில்லாதது. அடேலாவே போட்ட பெயர்ப்பட்டியலில் இரண்டும் தனித்தனி இனமாக, தனித்தனிப் பெயரோடு இருந்தன. லாம்பர்ட் ஆசையாக எதிர்பார்த்திருந்தான். மொட்டை, தாடி. இதைவிடச் சுலபமான கேள்வி எது?

அடேலா எல்லாவற்றையும் ஒரே மூடியில் குத்தினாள்.

அவன் பிரித்து வைத்தான். அவள் திரும்பச் சேர்த்தாள். பெயர்ப்பட்டியலைத் திறந்து அவள் முன்னால் வைத்தான். “பாரு, நீயே எழுதியிருக்க. ரெண்டு!” அவள் அந்தப் பக்கத்தையே தள்ளிவிட்டு எல்லா ஊசிகளையும் மறுபடி ஒன்றாக்கினாள். மூன்றாம் தடவை அவன் பொறுமை போய்விட்டது.

“உனக்குத்தான் மறந்துபோச்சு, அடேலா!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. அவள் சக்கர நாற்காலியை இடக்கையால் தள்ளித் தள்ளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திங்கக்கிழமை என்றுகூடச் சொல்லவில்லை.

லாம்பர்ட் அன்று கடையைத் திறக்காமல், அந்த வண்டுப் பெட்டியோடு பனியில் வண்டியோட்டிக்கொண்டு லிங்கனுக்குப் போனான். பெட்டியை ஹெடியின் மேசையில் வைத்துவிட்டு நின்றான்.

“இது தப்புன்னா இதுவரைக்கும் செஞ்சது அத்தனையும் தப்பா இருக்கலாம், ஹெடி. அவ கை சும்மா போற போக்குல போயிருக்கலாம். நான்தான் என் இஷ்டத்துக்கு அர்த்தம் கண்டுபிடிச்சுட்டு இருந்தேனோ என்னமோ.”

“ஒண்ணு சொல்லவா? எனக்கும் அந்தப் பயம் முதல்ல இருந்தே இருக்கு. உங்ககிட்ட சொல்ல வாய் வரல.” அவள் விளக்கை இழுத்துப் போட்டாள். “உக்காருங்க. மயிரை விட்டுடுவோம். உள்ள பார்ப்போம்.”

இந்த வண்டுகளில் வெளித்தோற்றம் ஏமாற்றும். ஆண் வண்டின் பிறப்புறுப்பு மட்டும் இனத்துக்கு இனம் வேறு வடிவத்தில் இருக்கும், அதுதான் கடைசித் தீர்ப்பு. காய்ந்த உடல்களை ஹெடி ஈரத்தில் ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் திறந்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். லாம்பர்ட் அவள் தோளுக்குப் பின்னால் நின்று அவள் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான்.

“ஒண்ணுதான்” என்றாள் ஹெடி. “அத்தனையும் ஒண்ணுதான், லாம்பர்ட். ஒரே இனம்.”

“அப்ப அந்த மொட்டை?”

அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். மயிரில்லாத வண்டின் முதுகை அவன் வெகுநேரம் பார்த்தான். வழுவழுப்பு இல்லை. வரிசை வரிசையாகக் குட்டிக் குழிகள். ஓரத்தில், எதுவும் உரச முடியாத மடிப்புக்குள், ஒடிந்த மயிரின் கட்டைகள் நின்றன. அவனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

“இது மொட்டை இல்ல, ஹெடி. வழுக்கை! எமில் உச்சந்தலை மாதிரி. இருந்த முடி கொட்டிப்போச்சு.”

ஹெடி ஊசிகளில் செருகியிருந்த துண்டுச்சீட்டுகளைப் படிக்க ஆரம்பித்தாள். பிடித்த தேதிகள். மயிருள்ளவை எல்லாம் மே மாதம். வழுக்கை எல்லாம் ஜூன் கடைசி, ஜூலை. மண்ணுக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்ததில் தேய்ந்துபோன கிழடுகள். அடேலா தன் பட்டியலில் செய்திருந்த பிழையைத் தானே திருத்தியிருக்கிறாள், வாயில் ஒரே ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்ததும் லாம்பர்ட் பனிச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அவள் முன்னால் மண்டியிட்டான். “நீ சொன்னதுதான் சரி. நான் பேசுனது தப்பு. ரொம்பத் தப்பு.”

“திங்கக்கிழமை” என்றாள் அடேலா. அது எனக்குத் தெரியாதா என்பது போல இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவன் தொப்பியிலிருந்த பனியைத் தட்டிவிட்டாள்.

அதன் பிறகு ஹெடி வாரம் தவறாமல் வந்து எல்லாவற்றையும் சரிபார்த்தாள். கூன்வண்டுகளில் இரண்டு இடத்தில் பிரிப்பு தவறாக இருந்தது. அடேலாவுக்குக் காய்ச்சல் அடித்த வாரத்தில் செய்தவை என்று லாம்பர்ட் ஒப்புக்கொண்டான், அன்றைக்குப் பெட்டியைத் திறந்திருக்கவே கூடாது என்றான். அவற்றைத் திரும்பச் செய்தார்கள். நடையை என்ன செய்வது என்றுதான் ஹெடி யோசித்தாள். துறைக்குரிய சொற்களைப் போட்டுப் பார்த்தாள். பிறகு தானே எடுத்துவிட்டாள். “இவரு எழுதினதைப் படிச்சா வண்டு கண்ணுக்கு முன்னாடி வந்து நிக்குது. நான் எழுதினதைப் படிச்சா நான்தான் நிக்கிறேன்” என்றாளாம்.

அச்சுக்குப் போகும் முன் அட்டையில் யார் பெயர் என்ற பேச்சு வந்தது. ஹெடி இருவர் பெயரையும் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

“என் பேரை எடுத்துடு” என்றான் லாம்பர்ட். “முடிவெட்டுறவன் வண்டுப் புத்தகம் எழுதினான்னா நாலு பேரு சிரிப்பாங்க. அவ மானம் போயிடும்.”

“அவங்களைக் கேப்போமா?”

ஹெடி இரண்டு தாள்களை மேசையில் வைத்தாள். ஒன்றில் அடேலா பெயர் மட்டும், இன்னொன்றில் இரண்டு பெயரும். அடேலா முதல் தாளை எடுத்து, இடக்கையாலும் பல்லாலும் கிழித்து, லாம்பர்ட்டின் காப்பிக்குள் போட்டாள்.

புத்தகம் அடுத்த வசந்தத்தில் வந்தது. முதல் பாகத்தை வாங்காத பள்ளிக்கூடங்களும் பண்ணைக்காரர்களும் இரண்டாம் பாகத்தை வாங்கினார்கள். சிரித்தவர்களும் இருந்தார்கள்தான், ஆனால் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். முதல் பிரதி வந்த அன்று அடேலா பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் விரலால் டொக் டொக்கென்று குத்தினாள். ஒரு கூன்வண்டின் படத்தைத் தலைகீழாக அச்சிட்டிருந்தார்கள். லாம்பர்ட் தலையில் கை வைத்துக்கொண்டான். அவள் சிரித்த சிரிப்பில் ஹெடிக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

அடேலா அதற்கப்புறம் இன்னும் சில கோடைகள் இருந்தாள். பேச்சு திரும்பவில்லை. வெயில் காலத்தில் அவளை ஆற்றுக்கு அழைத்துப் போவதை லாம்பர்ட் நிறுத்தவில்லை. இப்போது வண்டிக்குள் உட்காருவதில்லை, அவனே மண்டிபோட்டுக் கட்டைகளைப் புரட்டினான்.

புத்தகம் வந்த கோடையில் ஒருநாள், நாற்காலியை ஈர மணல்வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விட்டான். சக்கரம் அச்சுவரைக்கும் புதைந்துவிட்டது. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் வரவில்லை. வேறு வழியில்லாமல் பக்கத்து வயலிலிருந்த எமிலைக் கூவி அழைத்தான்.

எமில் சங்கிலியோடு வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தான். “கட்டின பொண்டாட்டிய ஆத்துல தள்ள வேற நாள் கிடைக்கலியாடா உனக்கு?”

“இழுடா மொதல்ல.”

இருவரும் குனிந்து சக்கரத்தைச் சுற்றி மணலைத் தோண்டினார்கள். அந்த நேரத்தில் அடேலாவின் இடக்கை காற்றில் எதையோ வெடுக்கென்று பிடித்தது. பிடித்ததை எமிலின் உள்ளங்கையில் வைத்து அவன் விரல்களை மூடிவிட்டாள்.

“என்ன அடேலா, எனக்கு ஏதாவது பரிசா?” என்றவன் அடுத்த நொடி “ஐயோ, கடிக்குதுடா!” என்று துள்ளிக் குதித்தான். மணல்மேல் ஓடி இரை பிடிக்கிற, பச்சையாய் மின்னும் வேட்டை வண்டு. அது அவன் விரலை விட்டுப் பறந்து, பத்தடி தள்ளி மணலில் இறங்கி, திரும்பி அவர்களையே பார்த்தது.

“தாடை பெருசா, சின்னதா?” என்று கேட்டான் லாம்பர்ட்.

“போடா நாயே” என்றான் எமில், விரலை வாயில் வைத்துக்கொண்டு.